நாற்பத்தாறு மீட்டர்

"எண்பதுதான்" என்றார்.
எல்லோரும் எண்பது என்றுதான் சொல்வார்கள்.
பதினோரு வருடப் போலீஸ் வேலையில்
இந்தச் சாலையில் எண்பதைத் தாண்டிய
ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

அவர் சொன்னதை எழுதிக்கொண்டு
டயர் எழுதியதைப் படிக்கப் போனேன்.
இவாலோவுக்கு வடக்கே, செப்டம்பர் கடைசி,
முதல் பனி விழாத உலர்ந்த தார்.
பழைய டட்சன். சக்கரம் பூட்டிக்கொண்டால்
பூட்டிக்கொண்டதுதான்.
இரண்டு கறுப்புக் கோடுகள், நேராக, நாற்பது மீட்டர்.
அங்கே ஒரு சிறு கொக்கி.
அதற்கப்புறமும் ஆறு மீட்டர், கொஞ்சம் கோணலாக.

கொக்கி விழுந்த இடத்தில்தான் துருவமான் நின்றிருக்கிறது.
இப்போது பள்ளத்துப் பாசியில் கிடக்கிறது.
இங்கிருந்து ஒரு காது மட்டும் தெரிகிறது.

என்னிடம் வெட்டிய டயர்த் துண்டு ஒன்று உண்டு,
உள்ளே ஈயம் ஊற்றியது, பத்துக் கிலோ.
சுருள்வில் தராசில் மாட்டி
நடக்க மறுக்கும் நாயை இழுப்பதுபோல்
சாலையில் இழுப்பேன்.
தராசு ஏழு காட்டியது. மறுபடி இழுத்தேன். ஏழு.
பத்துக்கு ஏழு:
ரப்பர் மேல் இந்தச் சாலைக்கு இன்றைக்கு உள்ள பிடி
அவ்வளவுதான்.
கெஞ்சினாலும் எட்டு ஆகாது.

"எவ்வளவு வந்தது?"
"நாற்பத்தாறு."
"உராய்வு?"
இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.
"பூஜ்யம் புள்ளி ஏழு."
கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது.
நான் கால்குலேட்டரை உறையிலிருந்தே எடுக்கவில்லை.
"வினாடிக்கு இருபத்தைந்து மீட்டர். மணிக்குத் தொண்ணூறு.
எண்பது என்று எழுதியதை அடித்துவிடுங்கள்."

தௌனோ என்று பெயர்.
ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவராம்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.
எண்பதில் வந்திருந்தால் முப்பத்தாறு மீட்டரில்
தேய்ந்து நின்றிருக்கும் வண்டி.
மானைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போய்ச் சேரும்
அந்த ஒரு நொடியிலும்
மூன்று மீட்டர் குறைவாகவே ஓடியிருக்கும்.
"ஏழு மீட்டர் முன்னாலேயே நின்றிருப்பேன்.
அது என்னை முறைத்துவிட்டுப் போயிருக்கும்."

வேகத்தில் எட்டில் ஒரு பங்குதான் கூடுதல்.
கோடு கால் பங்குக்கு மேல் நீண்டுவிட்டது.
வட்டி அல்ல இது, வர்க்கம்.
பத்து கூட வந்தவன் பத்தில் போய் இடிப்பான் என்று
மனசு கணக்குப் போடுகிறது.
மானைத் தொட்டபோது வண்டி
முப்பத்து மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது.

நீல்லாஸ் வந்தான், நாலு சக்கர பைக்கில், இஞ்சினை அணைக்காமல்.
பள்ளத்தில் இறங்கிக் காதின் வெட்டை விரலால் தடவினான்.
"தங்கை மகளின் குறி" என்றான்.
அவளுக்கு எத்தனை வயது என்று தௌனோ கேட்கவில்லை.
கேட்காமலே தெரிந்திருக்கும். சின்ன ஊர்.

கையெழுத்துப் போடும்போது சொன்னார்:
"வினாத்தாளில் நான் 'ஒரு தடை' என்று எழுதுவேன்.
'சாலையில் ஒரு தடை.' தடைக்குக் காது இருக்காது."

அடுத்த வியாழன்
பள்ளி கேட்டுக்கொண்டதால் அரை மணி நேரம்
சாலையின் குறுக்கே வண்டியை நிறுத்தி
நீல விளக்கைப் போட்டுவைத்தேன்.
பதினான்கு பிள்ளைகள், ஒரு நாடா, ஒரு சாக்குக்கட்டி.
கொக்கிக்கு ஏழு மீட்டர் முன்னால்
தௌனோ குனிந்து வெள்ளைக் கோடு கிழித்தார்.
பக்கத்தில் 80 என்று எழுதினார்.
யார் வண்டி என்று ஒருவன் கேட்டான்.
"என்னுடையது" என்றார்.
அதன் பிறகு கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேட்கவில்லை.
பனிக்காற்று நாடாவைப் படபடக்க வைத்தது.

சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண்
வெள்ளைக் கோட்டில் குதிகாலை வைத்து
கொக்கியை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.
எண்ணிக்கொண்டே போனாள். சத்தமாக அல்ல.
ஒன்பது தப்படி.
பத்தாவதை எடுத்தாள்,
வைக்கவில்லை.